எம்.ஆர்.ஐ.யில் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறார்கள். மூளையை ஸ்கேன் செய்தால் என் முதுகுவலி தெரியுமா?

செவ்வந்தி (கேள்வி)

வணக்கம். எனக்கு வயது 44. மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். நான்கு ஆண்டுகளாக முதுகின் கீழ்ப்பகுதியில் வலி இருக்கிறது. காலையில் எழுந்தவுடன் பொறுத்துக்கொள்ளும் அளவில் இருப்பது, மூன்றாம் பாடவேளைக்குள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அளவுக்கு வந்துவிடுகிறது. கரும்பலகையின் கீழ்ப்பாதியில் எழுதுவதையே விட்டுவிட்டேன்; மேல்பாதியில் எழுதி, அழித்து, மறுபடியும் அங்கேயே எழுதுகிறேன். கடைசி வரிசை மாணவர்கள் குறிப்பெடுத்து முடிப்பதற்குள் அழித்துவிடுகிறேன் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இரண்டு முறை எம்.ஆர்.ஐ. எடுத்தாகிவிட்டது. எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது, நரம்பை அழுத்தவில்லை, வயதுக்கேற்ற தேய்மானம்தான் என்று அறிக்கை சொல்கிறது. இவ்வளவு வலிக்கு இந்தப் படத்தில் காரணம் இல்லை என்று மருத்துவர் சொன்னார். அவர் சொன்னதை வீட்டில் அனைவரும் ‘வலியே இல்லை’ என்று புரிந்துகொண்டார்கள். ‘மனதை வேறு எதிலாவது செலுத்து’ என்ற அறிவுரையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன்.

அண்மையில் ஒரு கட்டுரையில், நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களின் மூளை வேறு விதமாக இயங்குவது ஸ்கேனில் தெரிகிறது என்றும், ஆண்டுக்கணக்கில் வலி நீடித்தால் மூளை சுருங்குகிறது என்றும் படித்தேன். முதல் செய்தி ஆறுதலாக இருந்தது; இரண்டாவது செய்தி அன்று இரவு தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. செலவு செய்து மூளைக்கு அப்படிப்பட்ட ஸ்கேன் எடுத்தால் என் வலியை அது காட்டுமா? சுருங்கிய மூளை திரும்பவும் பழைய நிலைக்கு வருமா? விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

முகிலன் (பதில்)

வணக்கம் சகோதரி. நான் மருத்துவர் அல்லன். மூளைப் படங்களைக் கணினியில் பகுப்பாய்வு செய்யும் ஆய்வுக்கூடங்களில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் முதுகுக்கு எடுத்தது உடலின் அமைப்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. மூளை ஆய்வுகளில் பெரிதும் பயன்படுவது செயல்சார் எம்.ஆர்.ஐ. கருவி ஏறக்குறைய அதேதான். அளக்கும் பொருள் வேறு. மூளையில் ஒரு பகுதி மும்முரமாக வேலை செய்யும்போது அங்கே ஆக்சிஜன் நிறைந்த இரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆக்சிஜனை இழந்த இரத்தமும் ஆக்சிஜன் நிறைந்த இரத்தமும் காந்தப்புலத்தில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. 1990இல் செய்ஜி ஒகாவாவும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த இந்த வேறுபாட்டைத்தான் நாங்கள் படமாக்குகிறோம். ஆகவே, இது நரம்பணுக்களின் நேரடிப் பதிவு அன்று. அவற்றுக்குப் பின்னால் ஐந்தாறு நொடிகள் தாமதித்து வரும் இரத்த ஓட்டத்தின் பதிவு. படத்தில் சிவப்பாகத் தெரியும் இடத்தில் ‘வலி இருக்கிறது’ என்று பொருளில்லை. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் புள்ளியியல் நோக்கில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் அங்கே இருந்தது என்பது மட்டுமே பொருள். மக்கள் பத்திரிகையில் பார்க்கும் ஒளிரும் மூளை, பலருடைய அளவீடுகளைச் சராசரியாக்கி நாங்கள் வரைந்த வரைபடம்.

முதுகுவலி ஆய்வில் முக்கியமான வேலைகள் பல சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் வானியா அப்கேரியனின் குழுவில் நடந்தவை. தீச்சூடு, ஊசிக்குத்து போன்ற வலியை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி அளப்பது எளிது: பத்து நொடி சூடு, இருபது நொடி ஓய்வு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதும். உங்கள் முதுகுவலியை அப்படிப் பொத்தானை அழுத்தி வரவழைக்கவும் நிறுத்தவும் முடியாது. அது தன் போக்கில் ஏறும், இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தையே அளக்கலாம் என்று அந்தக் குழு முடிவு செய்தது. கருவிக்குள் படுத்திருக்கும் நோயாளியின் கட்டைவிரலிலும் ஆட்காட்டிவிரலிலும் ஓர் உணரியைப் பொருத்தினார்கள். வலி கூடினால் விரல்களை விரிக்க வேண்டும். குறைந்தால் நெருக்க வேண்டும். விரலசைவும் கவனிப்பும் தனியாக மூளையில் உண்டாக்கும் மாற்றங்களைக் கழிப்பதற்காக, அதே நோயாளி திரையில் நீண்டும் குறுகியும் தெரியும் ஒரு பட்டையை அதே விரல்களால் பின்தொடர வேண்டும். 2006இல் வெளியான அந்த ஆய்வில், வலி உச்சத்தில் நிலைத்திருந்த நேரங்களில் நெற்றிக்குப் பின்னால் மூளையின் நடுப்பகுதியில் உள்ள முன்நெற்றிப் புறணிதான் (புறணி என்பது மூளையின் மேலடுக்கு) அதிகம் இயங்கியது. ‘இது எனக்கு எவ்வளவு முக்கியம், இதனால் எனக்கு என்ன ஆகும்’ என்ற மதிப்பீட்டோடும் உணர்ச்சியோடும் தொடர்புள்ள இடம் அது. நெருப்புச் சுடும்போது முன்னிற்கும் பகுதிகளின் வரிசை வேறு.

அதே குழு 2013இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. வலி தொடங்கி இரண்டு மாதம் ஆனவர்களிடம், உடனடி வலிக்குரிய பகுதிகள் இயங்கின. பத்து ஆண்டுகளுக்கு மேலாக வலி உள்ளவர்களிடம், வலியின் அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், உணர்ச்சிக்குரிய சுற்றுகள் இயங்கின. வலி அப்படியே இருக்க, மூளையில் அதன் வீடு மாறிவிடுகிறது. எனவே, ‘மனம்தான் காரணம், ஆகையால் வலி பொய்’ என்று உங்கள் வீட்டில் சொல்வதற்கு இந்த ஆய்வுகள் இடம் கொடுக்கவில்லை. உணர்ச்சிச் சுற்று இயங்குவதால் வலி பொய்யாகிவிடாது. அந்தச் சுற்றின் வழியாகத்தான் நீங்கள் வலியை அனுபவிக்கிறீர்கள்.

மூளை சுருங்குகிறது என்று நீங்கள் படித்தது அதே குழுவின் 2004ஆம் ஆண்டு ஆய்வாக இருக்க வேண்டும். நாள்பட்ட முதுகுவலி உள்ள 26 பேரை, வலி இல்லாதவர்களோடு ஒப்பிட்டு, மூளைப் புறணியின் சாம்பல் நிறத் திசு 5 முதல் 11 விழுக்காடு வரை குறைவாக இருப்பதாகவும், அது இயல்பான முதுமையில் 10 முதல் 20 ஆண்டுகளில் ஏற்படும் இழப்புக்குச் சமம் என்றும் கூறினார்கள். வலி நீடிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 1.3 கன சென்டிமீட்டர் என்றும் ஒரு கணக்குச் சொன்னார்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு நேரான விடை: எடுக்க வேண்டாம். தனி ஒருவரின் முதுகுவலியை உறுதி செய்யும் செயல்சார் எம்.ஆர்.ஐ. சோதனை என்று ஒன்று மருத்துவ நடைமுறையில் இல்லை.

தென்றல் (பதில்)

அம்மா, நான் பிசியோதெரபிஸ்ட். முகிலன் அவர்கள் எழுதியதில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஆண்டுக்கு 1.3 கன சென்டிமீட்டர் என்ற எண்ணை விளக்கம் இல்லாமல் விட்டிருக்கக் கூடாது. பயந்திருக்கும் ஒருவர் அதை நான்கால் பெருக்கிப் பார்ப்பார், அதுவும் கணித ஆசிரியர்.

அந்த எண், ஒரே ஆளை ஆண்டுதோறும் அளந்து கண்டது அன்று. இரண்டாண்டு வலி உள்ளவர், பத்தாண்டு வலி உள்ளவர், இருபதாண்டு வலி உள்ளவர் என்று வெவ்வேறு ஆட்களை ஒரே காலத்தில் அளந்து, நடுவே கோடு போட்டு வந்த சரிவு அது. வலியால் திசு குறைந்ததா, நடமாட்டம் குறைந்ததாலா, தூக்கம் கெட்டதாலா, மாத்திரைகளாலா, அல்லது முன்பே அப்படி இருந்தவர்களுக்கு வலி எளிதில் நிலைத்ததா என்று அப்படிப்பட்ட ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

இதைவிட முக்கியமானது 2011இல் மான்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் செய்த வேலை. முதுகுவலிக்கு அறுவை சிகிச்சையோ முள்ளெலும்பு மூட்டில் ஊசியோ பெற்றவர்களைச் சிகிச்சைக்கு முன்பும் ஆறு மாதம் கழித்தும் அளந்தார்கள். முன்பு மெலிந்திருந்த இடது முன்நெற்றிப் புறணியின் ஒரு பகுதி, வலி குறைந்தவர்களிடம் மறுபடி தடித்திருந்தது. அதாவது அது அழிந்துபோன திசு அன்று. உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் தரக்கூடிய விடை இதுதான். இன்று இரவு இதை நினைத்துக்கொண்டு தூங்குங்கள்.

உங்கள் முதுகு எம்.ஆர்.ஐ. பற்றியும் ஒரு சொல். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. நாற்பது வயதில், வலி இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. 68 விழுக்காட்டினருக்குத் தேய்மானம் இருந்தது. உங்கள் மருத்துவர் ‘இந்தப் படத்தில் காரணம் இல்லை’ என்று சொன்னது சரியே. ‘படத்தில் காரணம் இல்லை’ என்பதற்கும் ‘வலி இல்லை’ என்பதற்கும் உள்ள தூரத்தை அவர் உங்கள் வீட்டாருக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கி விளக்கியிருக்கலாம்.

கால் பலவீனமடைதல், சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போதல், தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போதல், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல் ஆகியவற்றில் எது வந்தாலும் இந்தப் பேச்சையெல்லாம் ஒதுக்கிவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவை இல்லாத நிலையில்தான் நான் மேலே சொன்னது பொருந்தும்.

கொன்றைவேந்தன் (பதில்)

எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்றால் இ.இ.ஜி. முறையில் ‘மூளை வரைபடம்’ எடுக்கலாமே? தலையில் மின்முனைகளை வைத்து அரை மணி நேரத்தில் எடுத்துவிடுகிறார்கள். வலியின் அலை தனியாகத் தெரியும் என்று ஒரு விளம்பரத்தில் பார்த்தேன். என் மைத்துனருக்கும் இதே வலி என்பதால் கேட்கிறேன்.

முகிலன் (பதில்)

தென்றல் அவர்களுக்கு நன்றி. அந்த எண்ணைத் தனியாக விட்டது என் பிழை. சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கொன்றைவேந்தன் ஐயா, இ.இ.ஜி. நல்ல கருவி. நரம்பணுக்களின் மின்னியக்கத்தை நேரடியாக, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பிரித்துப் பதிவு செய்கிறது, செலவும் குறைவு. ஆனால், ‘வலியின் அலை’ என்று ஒன்று இதுவரை அகப்படவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் நாள்பட்ட வலி உள்ள 101 பேரையும் வலி இல்லாத 84 பேரையும் ஓய்வுநிலையில் பதிவு செய்து 2019இல் வெளியிட்டார்கள். அந்த 101 பேரில் பலருக்கு முதுகுவலிதான். மூளையின் முன்பகுதியில் தீட்டா (மெதுவானது), காமா (வேகமானது) என்ற மின்னலை வரிசைகளில் இணைப்பு கூடியிருப்பதைக் குழு அளவில் கண்டார்கள். பிறகு, ஒரு பதிவை மட்டும் கொடுத்து இவர் நோயாளியா இல்லையா என்று கணினியைக் கண்டுபிடிக்கச் சொன்னபோது, அது சரியாகச் சொன்னது 57 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும். குழுவில் தெரிவதைத் தனி ஆளிடம் தேடினால் கைநழுவிப் போவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. உங்கள் மைத்துனர் அந்தப் பணத்தை நல்ல உடற்பயிற்சி சிகிச்சைக்குச் செலவிடலாம்.

செவ்வந்தி (கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. தென்றல் அவர்கள் சொன்னதைப் படித்த பின் நிம்மதியாகத் தூங்கினேன். உண்மையிலேயே பெருக்கிப் பார்த்திருந்தேன், 5.2 என்று.

ஒன்று மட்டும் புரியவில்லை. முகிலன் அவர்கள் சொன்ன ஆய்வில், நோயாளி விரலை விரித்தும் நெருக்கியும் வலியைச் சொல்கிறார். அதை வைத்துத்தான் மூளையில் எந்தப் பகுதி வலிக்குரியது என்று முடிவு செய்கிறார்கள். அப்படியானால் அளவுகோல் நோயாளியின் சொல்தானே? ஸ்கேன் அந்தச் சொல்லோடு ஒத்துப்போனால் சரி என்கிறோம். நாளை இரண்டும் முரண்பட்டால் எதை நம்புவார்கள்? எங்கள் பள்ளியில் உட்கார்ந்து பாடம் நடத்த அனுமதி கேட்டபோது ‘ஏதாவது அறிக்கையில் இருந்தால் கொண்டுவாருங்கள்’ என்றார்கள். அதனால்தான் நான் இந்தக் கேள்வியைத் தொடங்கினேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பரிதி (பதில்)

நான் வழக்கறிஞர், விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துகிறேன். செவ்வந்தி அம்மா கேட்டதுதான் இந்த விவகாரத்தின் மையம் என்று கருதுகிறேன்.

வலி குறித்த பன்னாட்டு ஆய்வுச் சங்கம் இதே கேள்விக்காக ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. 2017இல் வெளியான அதன் முடிவு, நாள்பட்ட வலியை நிரூபிக்கவோ மறுக்கவோ மூளைப் படத்தைப் பயன்படுத்தும் அளவுக்கு அந்த அறிவியல் வளரவில்லை, வலியை ஒருவர் தாமே கூறுவதற்கு மாற்றாக அதை வைக்கக் கூடாது என்பதே. அமெரிக்காவில் சில வழக்குகளில் இப்படங்களைச் சான்றாகக் கொண்டுவர முயன்றதும் அந்தக் கவலைக்குப் பின்னால் இருந்தது.

எனக்கு இதில் இருக்கும் அச்சம் வேறு. ஒரு படம் ‘வலி உண்டு’ என்று காட்டும் என ஏற்றுக்கொண்டால், மறுநாளே எதிர்த்தரப்பு ‘படத்தில் இல்லை, ஆகவே வலி இல்லை’ என்று வாதாடும். முதுகு எம்.ஆர்.ஐ.யால் அம்மாவுக்கு நடந்தது அதுதான், மூளை எம்.ஆர்.ஐ.யிலும் அதுவே நடக்கும். வலியே உணராமல் பிறந்த இருவரை 2016இல் லண்டன் ஆய்வாளர்கள் சோதித்தார்கள். பிறருக்கு வலிக்கும்படியான தூண்டலைக் கொடுத்தபோது, ‘வலி வலையமைப்பு’ என்று நெடுங்காலமாக அழைத்துவந்த மூளைப் பகுதிகள் அவர்களிடமும் மற்றவர்களைப் போலவே இயங்கின. வலியை அறியாதவரிடமும் அந்தப் படம் வருகிறது என்றால், அதை மட்டும் வைத்து ஒருவருக்கு வலி உண்டு என்று எப்படித் தீர்ப்பு எழுதுவது?

பள்ளி விஷயத்தில் உங்களுக்கு உதவக்கூடியது ஸ்கேன் அன்று. எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, குனிய முடிகிறதா, எதன் பிறகு வலி கூடுகிறது என்பதைச் சோதித்து மருத்துவர் எழுதித் தரும் செயல்திறன் சான்றுதான் உதவும். ‘டிஸ்க் பிதுக்கம்’ என்ற சொல்லைவிட, ‘தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் நிற்க இயலாது’ என்ற வாக்கியத்துக்கு நிர்வாகம் எளிதில் செவிசாய்க்கும். ஒரு மாதத்துக்கு நாள்தோறும் மூன்று வேளை, வலியை 0 முதல் 10 வரை குறித்து வைத்து அந்தத் தாளையும் மருத்துவரிடம் கொடுங்கள்.

முகிலன் (பதில்)

சகோதரி கேட்டதற்கும் பரிதி அவர்கள் சொன்னதற்கும் நான் உடன்படுகிறேன். அளவுகோல் உங்கள் விரல்தான். எங்கள் கணக்குகள் அனைத்தும் அதன் மேல் கட்டப்பட்டவை. சொல்லும் படமும் முரண்பட்டால், தவறு படத்தில் என்று தொடங்குவதுதான் நேர்மை.

அப்படியானால் இந்த ஆய்வுகளால் என்ன பயன் என்று யாராவது கேட்கக்கூடும். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வை இன்னும் சொல்லவில்லை. முதுகுவலி வந்து நான்கு முதல் பதினாறு வாரம் ஆனவர்களை அப்கேரியன் குழு ஓராண்டு பின்தொடர்ந்தது. சிலருக்குக் குணமானது, சிலருக்கு நிலைத்துவிட்டது. 2012இல் வெளியான முடிவு இது: முன்நெற்றிப் புறணிக்கும் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சிறு பகுதிக்கும் இடையே செயல்தொடர்பு தொடக்கத்திலேயே வலுவாக இருந்தவர்களுக்குத்தான் வலி நிலைத்தது. அக்கம்பென்ஸ், எதை நாட வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று உயிர் கற்றுக்கொள்வதில் பங்குள்ள இடம். முதுகில் பட்ட அடி ஒன்றாக இருந்தாலும், அதை மூளை எப்படிக் ‘கற்றுக்கொள்கிறது’ என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கிறது என்று இது காட்டியது. கற்றுக்கொண்டது என்றால் வேறு விதமாகக் கற்பிக்கவும் வழி இருக்கலாம். எனக்கு நம்பிக்கை பிறந்தது அந்த இடத்தில்தான்.

தென்றல் (பதில்)

அந்த நம்பிக்கையைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், சராசரியாகப் பத்தாண்டு முதுகுவலி உள்ள 151 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நான்கு வாரம், வாரம் இரு முறை, ஒருவகைப் பேச்சுச் சிகிச்சை. ‘வலி உண்மைதான், ஆனால் அது முதுகு சேதமாகிறது என்பதற்கான அறிவிப்பு அன்று’ என்பதை, அச்சப்படும் அசைவுகளைச் செய்துகொண்டே உணரவைக்கும் முறை அது. 50 பேரில் 33 பேர் சிகிச்சை முடிவில் வலி இல்லாத, அல்லது ஏறக்குறைய இல்லாத நிலைக்கு வந்தார்கள். உப்புநீர் என்று சொல்லியே ஊசி போடப்பட்ட குழுவில் இது 20 விழுக்காடு. வழக்கமான கவனிப்பில் இருந்த குழுவில் 10 விழுக்காடு. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கருவிக்குள் படுக்கவைத்து முதுகில் வலியைத் தூண்டியபோது, வலியின் அச்சுறுத்தலை மதிப்பிடும் சில முன்பகுதிகளின் இயக்கம் குறைந்திருந்தது. 2022இல் வெளியானது. பங்கேற்றவர்களின் வலி மிதமானது என்பதையும், நரம்பு அழுத்தப்பட்டுக் காலுக்கு இறங்கும் வலிக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மா, நீங்கள் கரும்பலகையின் கீழ்ப்பாதியை விட்டுவிட்டதாக எழுதியது என் மனதில் நின்றுவிட்டது. நான்கு ஆண்டுகளாகக் குனியாமல் இருந்தால், குனிவதே ஆபத்து என்று உடல் முடிவு செய்துவிடும். அருகில் உள்ள பிசியோதெரபிஸ்டிடம் உங்கள் அறிக்கைகளைக் காட்டுங்கள். அவர் சம்மதித்தால், வகுப்பு முடிந்து மாணவர்கள் போன பிறகு, நாற்காலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூச்சை அடக்காமல், கீழ்ப்பாதியில் ஒரே ஒரு வரி எழுதிப் பாருங்கள். வலி 3இலிருந்து 4 ஆனால் பரவாயில்லை. மறுநாள் காலை பழைய எண்ணுக்கு இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். இறங்கினால் அடுத்த வாரம் இரண்டு வரி.

செவ்வந்தி (கேட்டவர்)

ஸ்கேனுக்காக எடுத்து வைத்திருந்த பணத்தில் பத்து அமர்வுகளுக்கு முன்பதிவு செய்துவிட்டேன். பரிதி ஐயா சொன்னபடி ஒரு கோடு போட்ட நோட்டில் எண்களைக் குறிக்கத் தொடங்கியிருக்கிறேன். நேற்றுக் காலை 3, மதியம் 6, இரவு 5. பிசியோதெரபிஸ்ட் சம்மதம் தந்ததால், நேற்று மாலை யாரும் இல்லாத வகுப்பில் பலகையின் கீழ்ப்பாதியில் ஒரு சமன்பாடு எழுதினேன். அழிக்காமல் வந்துவிட்டேன். இன்று காலையும் 3தான்.